இருநூற்றுப் பதினேழாவது படிவம்

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு ஆய்வுக் கைடு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஓர் அத்தியாயம் போயிற்று என்று அர்த்தம். ஏழு வருடத்தில் டாக்டரம்மாவுக்கு அது மனப்பாடம்.

டாக்டரம்மா இன்னும் டாக்டர் இல்லை. நிர்வாகவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்த அன்று அவளுடைய அக்கா அப்படிக் கூப்பிட ஆரம்பித்தாள். முதல் வருடம் அதில் பெருமை இருந்தது. மூன்றாம் வருடம் கேலி. இப்போது வெறும் பெயர். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் மட்டும், "டாக்டரம்மாகிட்ட காட்டலாமா" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். காய்ச்சல்காரரும் சிரிப்பார்.

"முன்னூத்தி இருபது பேரு," என்றார் கைடு. "அதுல முன்னூத்திப் பத்தொன்பது பேரு நாற்பது கேள்விக்கும் அஞ்சு போட்டிருக்காங்க."

"ஆமா சார்."

"'மேலாளரிடம் பேச எனக்குப் பயமில்லை.' அஞ்சு. 'மேலாளரிடம் பேச எனக்குப் பயமாக இருக்கிறது.' அதுக்கும் அஞ்சு."

"ஆமா சார்."

"பயம் இருக்கா இல்லையாம்மா?"

"ரெண்டையும் முற்றிலும் ஏற்கிறாங்க சார்."

அவளுடைய ஆய்வின் தலைப்பு 'பணியிடத்தில் அச்சமின்மையும் ஊழியர் குரலும்'. பயம் குறைந்தால் வேலையாட்கள் மனம் திறந்து பேசுவார்கள் என்பது கருதுகோள். இதைச் சொல்ல இருநூற்று அறுபது பக்கம் ஆகியிருந்தது. மெய்ப்பிக்க ஒரு மெத்தைத் தொழிற்சாலையில் படிவம் கொடுத்து வாங்கியிருந்தாள். ஒவ்வொரு கேள்விக்கு எதிரிலும் ஐந்து கட்டங்கள். முற்றிலும் மறுத்தால் ஒன்று, முற்றிலும் ஏற்றால் ஐந்து.

"எதிர்மறையா கேட்ட ஆறு கேள்வியையும் தூக்கிடுங்க," என்றார் கைடு.

"தூக்கிட்டேன் சார்."

"தூக்கிட்டு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தீங்களா?"

அவள் தாளை நீட்டினாள். கைடு கண்ணாடியை மறுபடி மாட்டினார். நம்பகத்தன்மை புள்ளி ஒன்பது ஒன்பது என்று இருந்தது. அச்சமின்மைக்கும் குரலுக்கும் உள்ள தொடர்பு ஒன்று. முழு ஒன்று, அதற்கு மேல் கிடையாது. முப்பது வருடம் மாணவர்களை மேய்த்தவர் அவர். முழு ஒன்றை இதுவரை பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருந்தார்.

"இது எப்படி?"

"இருநூத்திப் பதினேழு சார். அந்த ஒரு ஆள் மட்டும் மிச்சக் கேள்வியில ஒண்ணத் தவிர எல்லாத்துக்கும் ஒண்ணு, இல்ல ரெண்டு போட்டிருக்காங்க."

எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னால் கணக்குப்போட ஒன்றுமில்லை. எது ஏறும்போது எது ஏறுகிறது என்று பார்க்கத்தான் கம்ப்யூட்டர் இருக்கிறது. எதுவுமே ஏறி இறங்காத இடத்தில் அது கையை விரித்துவிடும். இங்கே முன்னூற்றுப் பத்தொன்பது பேர் மேலே நின்றார்கள். ஒருத்தர் மட்டும் கீழே, அநேகமாக எல்லாக் கேள்வியிலும் கீழே. இரண்டு புள்ளி கிடைத்தது. இரண்டு புள்ளிக்கு நடுவில் போடும் கோடு எப்போதும் நேராகத்தான் இருக்கும்.

"அந்த ஒருத்தர எடுத்துட்டா?"

"ஓடாது சார். தப்புன்னு காட்டுது."

"அப்ப எடுக்காதீங்க." கைடு தாளைத் திருப்பிக் கொடுத்தார். "ஒண்ணுன்னு நம்பரா எழுதாதீங்க. தேர்வாளர் பயந்துருவார். 'மிக வலுவான தொடர்பு'ன்னு எழுதுங்க. அப்புறம் நாற்பதாவது கேள்வியையும் தூக்கிடுங்க. அதுல இருநூத்திப் பதினேழும் அஞ்சுதான் போட்டிருக்கு. வித்தியாசமே இல்ல, எதுக்கும் உதவாது."

"சரி சார்."

"கம்பெனிக் கடிதம்?"

"அத்தான்கிட்ட கேட்டிருக்கேன் சார்."

"வெள்ளிக்கிழமை நாலு மணி. கையெழுத்தும் சீலும் இல்லாம நம்ம ஆபீஸ் புத்தகத்தையே தொடாது. உங்களுக்குத் தெரியாததில்ல."

தெரியும். வெள்ளியைத் தவறவிட்டால் அடுத்த தேதி ஆறு மாதம் கழித்து. அவள் பாடம் நடத்தும் கல்லூரியோ, பட்டம் இல்லாதவர்களுக்கு இந்தப் பருவத்தோடு வழியனுப்பு விழா என்று சுற்றறிக்கை விட்டாயிற்று. சுற்றறிக்கையில் 'விழா' என்றே இருந்தது.

*

அத்தான் என்பது அக்காவின் கணவர். மெத்தைத் தொழிற்சாலையில் மனிதவள மேலாளர். படிவம் நிரப்பும் நாளன்று சாப்பாட்டுக் கூடத்தில் அவரே மைக்கைப் பிடித்தார்.

"இது நம்ம கொழுந்தியாளோட படிப்பு. நம்ம வீட்டு விசேஷம் மாதிரி நினைச்சுக்குங்க. உங்க மனசுல பட்டத எழுதலாம். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. எல்லாக் கட்டத்துலயும் கடைசிக் கட்டம் நல்ல கட்டம். முடிச்சவங்க டீ குடிக்கப் போகலாம்."

நாற்பது கேள்வியையும் நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டு முதல் ஆள் டீ குடிக்கப் போனார். பின்னாலேயே மற்றவர்கள் போனார்கள். ஊரோடு ஒத்து வாழ் என்பதை இவ்வளவு வேகமாக அவள் பார்த்ததில்லை.

படிவத்தின் தலையில் தடித்த எழுத்தில் 'உங்கள் அடையாளம் ரகசியமாகக் காக்கப்படும்' என்று இருந்தது. அதற்கு நேர் மேலே, வலது மூலையில், வரிசை எண் இருந்தது. எண் போடச் சொன்னவர் கைடு. அவருடைய பழைய மாணவன் ஒருவன் வீட்டில் உட்கார்ந்து, நாலு நிறப் பேனாவை மாற்றி மாற்றி, முன்னூறு படிவத்தையும் தானே நிரப்பிவிட்டான். இருநூறுக்கு மேல் அவனுக்குக் கை வலித்து, எழுத்து ஒரே பக்கமாகச் சாய்ந்ததில் மாட்டிக்கொண்டான். அன்றிலிருந்து கைடின் மாணவர்கள் எல்லாப் படிவத்துக்கும் எண் போட வேண்டும். படிவத்தோடு ஒரு பேனா பரிசாகக் கொடுத்து, பேனா வாங்கியதற்கு எண்ணுக்கு எதிரே பெயரும் கையெழுத்தும் வாங்க வேண்டும். ஆள் உண்மையாக இருந்ததற்குச் சாட்சி. ஆக, ரகசியம் காக்கப்பட்டது. அதற்குக் கையெழுத்துப் போட்ட ரசீதும் இருந்தது.

அந்தப் பேனாப் பட்டியல் டாக்டரம்மாவின் கோப்பில் இருந்தது. வேறு நகல் இல்லை.

*

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்த அத்தான் போனில் கூப்பிட்டார். கடிதம் கொடுக்குமுன் ஆய்வை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார், அவளும் அனுப்பியிருந்தாள். யாரும் இருநூற்று அறுபது பக்கம் படிக்க மாட்டார்கள் என்பது அவள் கணிப்பு. அது சரியான கணிப்புத்தான். அத்தான் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார்.

"பின்னிணைப்புன்னு ஒண்ணு போட்டிருக்கியே. 'பதிலாளர் இருநூத்திப் பதினேழு'. யாரது?"

படிவத்தின் கடைசிப் பக்கத்தில், 'மேலும் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா' என்ற இடத்தில் எழுதியதை அவள் அப்படியே தட்டச்சு செய்து வைத்திருந்தாள். எழுதியது ஒரே ஆள்தான். அத்தான் அதைப் போனிலேயே வாசித்துக் காட்டினார். மைக் பிடித்த குரல் இல்லை.

"'மேலாளரின் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். திறந்துதான் இருக்கிறது. உள்ளே ஆள் இருப்பதில்லை.' இது என்ன பேச்சு?"

அவர் அடுத்த வரிக்குப் போனார்.

"'நாங்கள் மெத்தைக்கு விளிம்பு தைக்கிறோம். பத்து மணி நேரம் நின்றுகொண்டு தைக்கிறோம். முப்பது பேருக்கு ஆறு நாற்காலி போதும், மாறி மாறி உட்காருவோம். மூன்று முறை கேட்டாயிற்று. மூன்று முறையும் குறித்துக்கொண்டோம் என்றார்கள். எங்கே குறித்தார்கள் என்று தெரியவில்லை. ஏழாவது கேள்வியும் இருபத்துமூன்றாவது கேள்வியும் ஒன்றுதான். ஒரு தடவை கேட்டால் போதும்.'" அத்தான் மூச்சு வாங்கினார். "உன்னையும்தான் விடல."

அது அவளுக்கு முன்பே உறைத்திருந்தது. ஏழும் இருபத்துமூன்றும் ஒரே கேள்விதான். ஏழு வருடத்தில் கைடு கண்டுபிடிக்கவில்லை. ஆய்வுக் குழுவில் மூன்று பேராசிரியர்கள், அவர்களும் கண்டுபிடிக்கவில்லை.

"பேனாவுக்குக் கையெழுத்து வாங்கினியே, அந்த லிஸ்ட்ட நாளைக்கு வரும்போது எடுத்துட்டு வா. கடிதம் தயாரா இருக்கும்."

"அத்தான், ரகசியம்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

"யாருகிட்ட ரகசியம்? நாம ஒரு குடும்பம். நான் என்ன தூக்குலயா போடப் போறேன்? கூப்பிட்டு, உட்கார வச்சு, என்ன குறைன்னு கேக்கத்தான்."

எதில் உட்கார வைப்பீர்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. ஊழியர் குரல் பற்றி அவள் இருநூற்று அறுபது பக்கம் எழுதியிருக்கிறாள். அவ்வளவும் எழுத்துத்தான்.

"போன வருஷம் டாய்லெட் சாவி பத்திக் கேட்டாரே ஒருத்தர். அவரையும் இப்படித்தான் கூப்பிட்டுப் பேசினீங்க."

"அவன் தானாப் போயிட்டான். யாரு போகச் சொன்னா?"

போன் வைத்த கையோடு அக்கா கூப்பிட்டாள். புருஷன் பேசி முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்திருப்பாள்.

"ஏண்டி, ஒரு பேரத்தானே கேக்குறார். சொத்தையா எழுதித் தரச் சொல்றார்?"

"பேரு சொன்னா வேலை போயிரும், அக்கா."

"சொல்லலன்னா உன் வேலை போகும். யாரோ முகம் தெரியாத ஆளுக்காக ஏழு வருஷத்தக் கால்வாய்ல கொட்டுவியா? உனக்காக அவர் மைக்கெல்லாம் பிடிச்சுப் பேசினார்."

அதுதான் பிரச்சினை என்று சொல்லாமல் போனை வைத்தாள்.

கடைசியாகக் கைடைக் கூப்பிட்டாள். அவர் ஏதோ கூட்டத்தில் இருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"நெறிமுறைக் குழுகிட்ட அனுமதி வாங்கினோமா இல்லையா?"

"வாங்கினோம் சார். மூணு வருஷம் முன்னாடி."

"அப்ப நெறி முடிஞ்சுது. அதையே பிடிச்சுத் தொங்காதீங்க. கடிதம் வாங்குற வழியப் பாருங்க. ஆனா ஒண்ணு, அந்த இருநூத்திப் பதினேழ மட்டும் எடுத்துடாதீங்கம்மா. மண்டபமே அந்த ஒத்தத் தூண்லதான் நிக்குது."

*

அன்று சாயங்காலம் கோப்பைத் திறந்தாள். பேனாப் பட்டியலில் இருநூற்றுப் பதினேழுக்கு எதிரே ஒரு பெயரும் விளிம்புத் தையல் பிரிவு என்றும் இருந்தது. குட்டி எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக, தையல் போட்டது போல. பெயரைப் படித்ததும் ஆள் நினைவுக்கு வந்தாள். ஐம்பது வயது இருக்கும். முழங்கையில் வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. கண்ணாடியின் ஒரு காலை அதே நூலால் கட்டியிருந்தாள். கூடத்தில் எல்லோரும் எழுந்து போன பிறகும் உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிடம் கழித்து மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், இந்தப் பேனா எழுதல."

"பக்கத்துல யார்கிட்டயாவது வாங்கி எழுதுங்களேன்."

"பக்கத்துல யாரும் இல்ல, டீச்சர். டீ குடிக்கப் போயிட்டாங்க. என்கிட்டயே ஒண்ணு இருக்கு."

டீ தீர்ந்த பிறகுதான் அவள் படிவத்தைக் கொடுத்தாள். நாற்பது கேள்வியையும் வாசித்த ஒரே ஆள். கேள்வித்தாள் தயாரித்தவளையும் சேர்த்துச் சொன்னாலும் அப்படித்தான். கேள்விகளை டாக்டரம்மா வேறொரு ஆய்விலிருந்து எடுத்தாள். அந்த ஆய்வு இன்னொன்றிலிருந்து எடுத்தது.

இப்போது படிவத்தை எடுத்து முதல் கேள்வியிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். ஒன்று. இரண்டு. ஒன்று. ஒன்று. கைடு தூக்கச் சொன்ன நாற்பதாவது கேள்விக்கு வந்தாள். எதிர்மறைக் கேள்விகளை விட்டால், மற்ற முன்னூற்றுப் பத்தொன்பது பேரோடு இந்தப் பெண் ஒத்துப்போன ஒரே இடம். 'எனது பதில்கள் ரகசியமாக வைத்திருக்கப்படும் என்று நம்புகிறேன்.' ஐந்து. கட்டத்துக்குள் போட்ட குறி அழுத்தமாக இருந்தது. பின்பக்கம் தடவினால் கைக்குத் தட்டுப்பட்டது.

பட்டியலிலிருந்து அந்தத் தாளைத் தனியாக எடுத்து மடித்து, கைப்பையில் வைத்தாள். கொடுக்கவா, கிழிக்கவா என்று முடிவு செய்யவில்லை. முடிவு செய்யாத வரைக்கும் இரண்டு பேருமே வேலையில் இருந்தார்கள்.

*

வியாழக்கிழமை பத்து மணிக்கு அவள் போனபோது அத்தானின் கதவு திறந்திருந்தது. உள்ளே ஆள் இல்லை. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு மெத்தைத் துண்டை முட்டுக் கொடுத்திருந்தார்கள். சுவரில் 'நாம் ஒரு குடும்பம்' என்று எழுதிய பலகை. அதன் கீழ் மூன்று நாற்காலி, மூன்றும் காலி. அவள் ஒன்றில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து நின்றாள். இருபது நிமிடம் கழித்து அத்தான் வந்தார்.

"ஏன் நிக்கிற? உக்காரு."

உட்கார்ந்தாள். அத்தான் இழுப்பறையிலிருந்து கடிதத்தை எடுத்தார். 'முன்னூற்று இருபது பணியாளர்களிடமும் எங்கள் அனுமதியோடு தகவல் திரட்டப்பட்டது, அனைத்தும் உண்மையானவை' என்று இருந்தது. கையெழுத்து இடம் காலியாக இருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, உள்ளங்கையை நீட்டினார்.

"லிஸ்ட்டு."

கைப்பைக்குள் விரல் தாளைத் தொட்டது. அப்போது அவள் வாயிலிருந்து வந்தது அவளே எதிர்பாராதது.

"அத்தான், அத எழுதினது நான்தான்."

"எத?"

"இருநூத்திப் பதினேழ. அந்தப் படிவத்த யாருமே வாங்கல. ஒண்ணு குறைஞ்சுது. எல்லாரும் அஞ்சு போட்டா கம்ப்யூட்டர்ல கணக்கு ஓடாது. அதனால நானே மாத்திப் போட்டு நிரப்பினேன். பேனா லிஸ்ட்லயும் நானே கிறுக்கினேன்."

அத்தான் கையை இழுத்துக்கொண்டார்.

"நாற்காலி?"

"அன்னிக்கு மூணு மணி நேரம் நின்னுக்கிட்டே இருந்தேன், அத்தான். கால் விட்டுப்போச்சு. அந்தக் கோவத்துல எழுதிட்டேன்."

ஏழு வருடத்தில் அவள் சொன்ன எதையும் இவ்வளவு சுலபமாக யாரும் நம்பியதில்லை. ஆதாரம் கேட்கவில்லை, மேற்கோள் கேட்கவில்லை. அத்தானின் முகம் இஸ்திரி போட்ட துணி போலச் சுருக்கம் நீங்கிற்று. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அடிப்பாவி. ரெண்டு நாளாத் தூக்கமே இல்ல எனக்கு. சூப்பர்வைசர் ஆறு பேரையும் கூப்பிட்டுக் கேட்டுட்டேன். மேல வரைக்கும் சொல்லியாச்சு, ஒரு ஆள் கிளப்பி விடுறான்னு. எனக்கும் உள்ளுக்குள்ள உறுத்துச்சு. நம்ம ஆளுங்க இப்படி எழுத மாட்டாங்களேன்னு."

"மாட்டாங்க, அத்தான்."

"கதவு திறந்திருக்கு, உள்ள ஆள் இல்லயாம்." மறுபடி சிரித்தார். "உனக்கு என் மேல என்னடி கோவம்?"

கையெழுத்துப் போட்டார். 'அனைத்தும் உண்மையானவை' என்ற வரிக்கு நேர் கீழே, வால் நீண்ட கையெழுத்து.

டாக்டரம்மாவுக்கு மூச்சு வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. அந்தப் பெண்ணின் வேலை தப்பித்தது. ஆனால் அவள் எழுதியதை யாரும் எழுதவில்லை என்று ஆகிவிட்டது. ஆறு நாற்காலியும் ஒரு டாக்டரம்மாவின் கால் வலியாகிப் போயின. கைடின் பழைய மாணவன் பொய்ப் படிவத்தை உண்மை என்று சொன்னவன். இவள் உண்மைப் படிவத்தைப் பொய் என்று சொல்லி, அதற்கு உண்மைச் சான்றிதழ் வாங்கியிருந்தாள்.

"சீல் கீழ ரிசப்ஷன்ல இருக்கு. வா, போட்டுத் தரேன்." அத்தான் கடிதத்தைக் கையில் பிடித்தபடி எழுந்தார். "பயப்படாத. உங்க கைடுகிட்ட மூச்சு விட மாட்டேன். உங்க அக்காகிட்டகூட. ரகசியத்தக் காப்பாத்துறதுதான் எங்க தொழிலே."

கீழே போக விளிம்புத் தையல் கூடத்தைத் தாண்ட வேண்டும். இயந்திரங்கள் ஓய்வுக்கு நின்றிருந்தன. சுவரோரம் மெத்தைகள் பாலித்தீனில் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக, ஆளுயரம் அடுக்கியிருந்தன. அவற்றின்மேல் 'உட்காரக் கூடாது' என்று எழுதி ஒட்டியிருந்தது. முப்பது பெண்கள் நின்றுகொண்டு டீ குடித்தார்கள். சிலர் ஒரு காலை மற்றக் காலின்மேல் வைத்து, கொக்கு மாதிரி.

"பாத்தியா, எல்லாரும் எவ்வளவு கலகலப்பா இருக்காங்க," என்றார் அத்தான். "நீ வேற."

அவள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தாள். கதவுக்குப் பத்தடி இருந்தது.

"டீச்சர்."

நூலால் கட்டிய கண்ணாடி. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண் வந்துகொண்டிருந்தாள். முழங்கையில் நூல் அப்படியே இருந்தது. மேலங்கிப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க, உங்க பேனா. எழுதலன்னு அன்னிக்கே சொன்னேன். எழுதாத பேனாவ வச்சு நான் என்ன செய்ய?"

டாக்டரம்மா வாங்கிக்கொண்டாள்.

"பாரு," என்றார் அத்தான், கடிதத்தால் விசிறிக்கொண்டு. "ஒரு பேனாவக்கூடத் திருப்பிக் குடுக்குறாங்க. இதுதான் எங்க ஆளுங்க. என்னம்மா, வேலையெல்லாம் சௌகரியமா இருக்கா?"

அந்தப் பெண் அவரை ஒருமுறை பார்த்தாள். பதில் சொல்ல வேண்டிய கேள்வியா என்று யோசிப்பது போல இருந்தது. பிறகு டாக்டரம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"ஆறு நாற்காலி போதும்னு கடைசிப் பக்கத்துல எழுதியிருந்தேனே, டீச்சர், அத யாராவது படிச்சாங்களா?"